கீபோர்டில் கார்டு பேக்கிங் பதிவு: கட்டை மாற்றினால் ரிதம் குழம்புகிறது, கார்டு மாறும் இடத்தில் பேஸ் கடிக்கிறது

ரெண்டரைக்கட்டை (குழித்துறை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு டிசம்பர் கேரல் பாட்டுகளுக்கு பேக்கிங் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாடுகிறவர்களில் பாதிப் பேர் குழித்துறை, மார்த்தாண்டம். மீதிப் பேர் களியக்காவிளை தாண்டி பாறசாலை, அமரவிளையிலிருந்து வருகிறவர்கள். சனிக்கிழமை தவிர எல்லோரும் ஒன்றாகக் கூட வழியில்லை. ஆளாளுக்கு வீட்டில் போனில் போட்டுப் பாடிப் பழக, மெலடி இல்லாமல் கார்டும் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ரிதமும் மட்டும் உள்ள ட்ராக் வேண்டும் என்கிறார்கள். ஒரு சரணம் தமிழ், ஒரு சரணம் மலையாளம் என்று மாறி மாறிப் போகும் பாட்டுகளும் உண்டு. டியூன் ஒன்றுதான்.

கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர் இ463. ஏசிஎம்பி (தானியங்கிப் பக்கவாத்தியம்) போட்டு, ஸ்டைலை, அதாவது கீபோர்டிலேயே இருக்கும் தாள, பக்கவாத்திய அமைப்பை ஓடவிட்டு, இடதுகை கார்டை ஏ ட்ராக்கில் (ஸ்டைலுக்கான ட்ராக்) பதிவு செய்கிறேன். அதை மிடி ஃபைலாக (சத்தம் இல்லாமல் நோட்டுக் குறிப்பு மட்டும்) பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் திறக்கிறேன். அதுவரை சரி. அதற்கப்புறம் இரண்டு சிக்கல்.

ஒன்று, சில இடங்களில் கார்டு மாறும்போது பேஸ் அழுக்காகக் கேட்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போனால் ஒன்றும் தெரியவில்லை. எஃப்-இலிருந்து ஜி-க்குப் போகும்போதுதான் கடிக்கிறது. குவான்டைஸ் (நோட்டுகளை அடியோடு ஒட்டவைப்பது) போட்டால் இன்னும் மோசம்.

இரண்டு, முதல் குரல் பாடும் அக்காவுக்கு அஞ்சரைக் கட்டை சுருதி. அவர் வராத நாளில் பாடுகிறவருக்கு நாலரைதான் ஒத்துவரும். இரண்டு செமிடோன் (அரைச்சுரம்) தானே என்று ரீப்பரில் எல்லா ட்ராக்கையும் பிடித்து இரண்டு இறக்கினேன். கார்டு ஒழுங்காக இறங்கியது. ரிதம்தான் வேறு பாட்டாகிவிட்டது. மெல்லிசாக 'டிஸ் டிஸ்' என்று போக வேண்டிய ஹைஹாட் இருந்த இடத்தில் ஸ்நேர் 'டக் டக் டக் டக்' என்று அடித்துத் தள்ளுகிறது. தாலாட்டு மாதிரி இருக்க வேண்டிய பாட்டு, போலீஸ் பரேடு ஆகிவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஆர்கன் (நெய்யாற்றின்கரை)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். டிரம் சேனலில் நோட்டு நம்பர் சுரத்தைக் குறிக்காது. எந்த வாத்தியம் என்பதைத்தான் குறிக்கும். ஜெனரல் மிடி அட்டவணைப்படி 36 கிக், 38 ஸ்நேர், 40 எலக்ட்ரிக் ஸ்நேர், 42 மூடின ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட். நீங்கள் எல்லாவற்றையும் இரண்டு இறக்கினீர்கள். 42 போய் 40 ஆனது, அதுதான் அந்த 'டக் டக்'. 38 போய் 36 ஆனது, ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் இப்போது கிக் விழும். கிக் போய் 34-இல் நிற்கும். ஜெனரல் மிடி டிரம் 35-இலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் கிக் காணாமல் போயிருக்கும், அல்லது கீபோர்டு தன் இஷ்டத்துக்கு வேறு ஏதாவது சத்தம் போட்டிருக்கும்.

யமஹா ஸ்டைலில் எட்டு பாகம் உண்டு: ரிதம் இரண்டு, பேஸ், கார்டு இரண்டு, பேட், ஃப்ரேஸ் இரண்டு. வழக்கமாக 9 முதல் 16 வரையான சேனல்களில் உட்காரும். 9, 10 இரண்டுமே ரிதம். 10 தான் டிரம்ஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் 9-ஐயும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். அப்போது டிரம்ஸ் சரியாகவே இருக்கும், ஷேக்கரும் தாம்பூரினும் மட்டும் எங்கேயோ உளறும். எங்கே தப்பு என்று தேடியே பாதி ராத்திரி போய்விடும். 11-இலிருந்து 16 வரை மட்டும் பிடித்து இறக்குங்கள்.

இன்னும் சுலபமான வழி, லேப்டாப்பில் கையே வைக்காமல் கீபோர்டின் டிரான்ஸ்போஸை (சுருதி மாற்றும் வசதி) இரண்டு இறக்கி வாசிக்க விடுவது. டிரம் கிட் அதற்கு அசையாது.

கொழிஞ்சாம்பாறை_61 (சித்தூர் தாலுகா, பாலக்காடு)

ஏனுங்க, பழகுறதுக்கு ஒரு ட்ராக், அதுக்கு எதுக்குங்க இத்தனை மெனக்கெடல்? இ463-இல் ஆடியோ ரெக்கார்டர் இருக்கிறது. பென்டிரைவைச் சொருகி, அஞ்சரையில் ஒருதடவை வாசி, டிரான்ஸ்போஸைத் தட்டி நாலரையில் ஒருதடவை வாசி. முடிஞ்சது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைல், ஒரே மூச்சில் 80 நிமிஷம் வரைக்கும் எடுக்கும். நிமிஷத்துக்குப் பத்து எம்பி சுமார் வரும். அதை 128-இல் எம்பி3 ஆக்கினால் நிமிஷத்துக்கு ஒரு எம்பிதான், வாட்ஸ்அப்பில் ஓடிவிடும்.

இன்னொண்ணு. மிடியை லேப்டாப்பில் ஓடவிட்டால் லேப்டாப்பின் சத்தம்தான் கேட்கும். ஸ்டைலை அந்தக் கீபோர்டு வாய்ஸுக்காகத்தான் கம்பெனிக்காரன் செதுக்கி வைத்திருக்கிறான். கிட்டார் ஸ்ட்ரம்மிங்கை வேறே சவுண்டில் கேட்டுப் பாருங்க, டப்பா உருட்டின சத்தம்தான் வரும்.

செங்கோட்டை_டீச்சர் (செங்கோட்டை)

கொழிஞ்சாம்பாறைத் தம்பி சொல்வதில் இரண்டாவது பாதி முழுக்க உண்மை. முதல் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

ரெண்டரைக்கட்டை, உங்கள் முதல் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் விடையை நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள். சி-யிலிருந்து ஏ மைனர் போனால் தெரியவில்லை, எஃப்-இலிருந்து ஜி போனால் கடிக்கிறது. சி கார்டில் சி, இ, ஜி. ஏ மைனரில் ஏ, சி, இ. இரண்டு சுரம் பொது. எஃப்-இல் எஃப், ஏ, சி. ஜி-யில் ஜி, பி, டி. ஒன்றுகூடப் பொது இல்லை. உங்கள் கை எல்லா மாற்றத்திலும் ஒரே அளவுதான் பிந்துகிறது. சி-ஏ மைனரில் பழைய கார்டின் சுரம் புதிய கார்டுக்குள் ஒளிந்துகொள்கிறது, எஃப்-ஜியில் ஒளிய இடமில்லை.

உள்ளே நடப்பது இதுதான். பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் அடி விழும்போது உங்கள் விரல் இன்னும் எஃப்-ஐ விட்டு வரவில்லை. ஸ்டைல் காத்திருக்காது, பேஸில் எஃப்-ஐ அடித்துவிடும். மயிரிழை கழித்து ஜி வந்ததும் அதை விட்டு ஜி-க்குத் தாவும். நீங்கள் மிடியாக மாற்றியபோது ஃபைலில் ஏறியவை ஸ்டைல் அடித்த நோட்டுகள். நீங்கள் பிடித்த கார்டு எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அங்கே ஒரு குட்டி எஃப், அதை ஒட்டி ஒரு நீள ஜி. குவான்டைஸ் போட்டால் இரண்டையும் இழுத்து முதல் அடியிலேயே ஒன்றாக நிறுத்திவிடும். அதுவரை அடுத்தடுத்து வந்தவை இப்போது சேர்ந்தே அடிக்கும். "இன்னும் மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

ரீப்பரில் பேஸ் சேனலை மட்டும் பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் திரை) திறந்து பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் குட்டி நோட்டு தனியாகத் தெரியும். அதை அழித்துவிட்டு ஜி-யின் முன்முனையை அடிக்கு இழுத்து வையுங்கள். பேட் சேனலிலும் இதே பிசிறு இருக்கும், பேட் மெதுவாக எழும் சத்தம் என்பதால் காதில் படாது. அதை விட்டுவிடலாம்.

ஆனால் பாட்டு முழுக்க இப்படித் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. கையைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டைலோடு வாசிக்கும்போது கார்டை அடியில் பிடிக்காதீர்கள், அடிக்குச் சற்று முன்பே பிடியுங்கள். முந்தைய பாரின் கடைசித் துளியில் புதிய கார்டு எட்டிப்பார்த்தால் காது அதை எடுப்பு என்று ஏற்றுக்கொள்ளும். முதல் அடியில் பழைய பேஸ் விழுந்தால் மன்னிக்காது. பியானோ படித்து வருகிற பிள்ளைகளுக்கு இது பெரும்பாடு. அடியில் வாசி என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

மூன்று விரலும் ஒன்றாக விழ வேண்டும், இது இன்னொரு விஷயம். யமஹாவின் மல்டி ஃபிங்கர் முறையில் ஒற்றை விரலும் கார்டுதான், மேஜர் கார்டு. ஏ மைனர் பிடிக்கும்போது ஏ மட்டும் முதலில் தட்டினால் ஒரு நொடி ஏ மேஜர் வந்து சி ஷார்ப் தலைகாட்டும். மைனர் பாட்டில் அது சோற்றில் கல்.

கை பழகும்வரை 96 வேகப் பாட்டை 70-இல் வைத்துப் பதிவு செய்யுங்கள். மிடிதானே, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். கொழிஞ்சாம்பாறைத் தம்பி, முதல் பாதிக்கு என் பதில் இதுதான். ஆடியோவில் இந்த வசதி இல்லை.

கொழிஞ்சாம்பாறை_61

டீச்சர், மெதுவாக வாசித்து ஏற்றினால் ஃபில்-இன் (இடையில் வரும் தாள அலங்காரம்) தட்டுகிற உற்சாகம் எங்கிருந்து வரும்? வாசிக்கிறவனுக்கு 70-இல் தூக்கம் வரும். அது ட்ராக்கிலும் தெரியும். கல்யாண வீட்டில், திருவிழாவில் வாசித்துப் பாருங்க. இந்தப் பக்கம் ஒரே மேடையில் நாலு மலையாளம், நாலு தமிழ் போகும். பாடுகிறவர் மூச்சைப் பார்த்துத்தான் பி மெயினுக்கே (ஸ்டைலின் அடுத்த பகுதி) போவோம்.

பழைய_ஆர்கன்

மேடைக்குச் சரி. கானமேளாவில் நானும் அப்படித்தான். ஆனால் இங்கே கேட்பது பாடுகிறவர் எதிரில் இல்லாத ட்ராக்.

இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. மிடியாகப் பதிவு செய், துடை, வேகத்தை ஏற்று, கட்டையை மாற்று. கடைசியில் அந்த மிடியை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பி, கீபோர்டின் சொந்தச் சத்தத்திலேயே ஓடவிட்டு, அதே கேபிளில் வரும் ஆடியோவை ரீப்பரில் பிடி. இ463 யுஎஸ்பியில் மிடியும் போகும், ஆடியோவும் வரும். தனி இன்டர்ஃபேஸ் வேண்டாம், ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து போன் மைக்குக்கு வயர் இழுத்து இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் என்றால் யமஹா ஸ்டெயின்பெர்க் யுஎஸ்பி டிரைவரை முதலில் போட்டுவிடுங்கள்.

நகரி_தாளம் (நகரி, ஆந்திரா)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போகிற பஜனைக் கோஷ்டி, தமிழும் தெலுங்கும் கலந்து பாடுவோம். எங்கள் தெருவில் விசைத்தறி ஓடுகிற வரை மைக் வைத்துப் பதிவு என்ற பேச்சே கிடையாது, அதனால் நானும் லைனில்தான் எடுக்கிறேன்.

என் கேள்வி வேறு. இந்தோளத்தில் ஒரு முருகன் பாட்டு. சி-யை சட்ஜமாக வைத்து சி மைனர் பிடித்தால் எங்கேயோ உறுத்துகிறது. மேஜர் பிடித்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு பாட்டு மிஸ்ர சாபு, ஏழு அடி. இருக்கிற ஸ்டைல் எதிலும் உட்காரவில்லை. டீச்சர் சொல்ல முடியுமா?

செங்கோட்டை_டீச்சர்

இந்தோளத்தில் பஞ்சமம் இல்லை, ரிஷபம் இல்லை. சி-யில் வைத்தால் சி, இ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். சி மைனர் பிடித்தால் அதில் ஜி இருக்கிறது, அதுதான் உறுத்தல். பாடுகிறவர் தொடாத பஞ்சமத்தை நீங்கள் கீழே ஊதிக்கொண்டே இருக்கிறீர்கள்.

ராகத்தின் சுரங்களை மட்டும் வைத்து மூன்று சுரக் கார்டு கட்டினால் இரண்டுதான் தேறும்: எஃப் மைனர் (எஃப், ஏ ஃப்ளாட், சி), ஏ ஃப்ளாட் மேஜர் (ஏ ஃப்ளாட், சி, இ ஃப்ளாட்). எஃப் மைனரோடு இ ஃப்ளாட் சேர்த்து எஃப் மைனர் செவன்த் பிடிக்கலாம். பல்லவி வந்து சட்ஜமத்தில் நிற்கும்போது எஃப் மைனரை சி பேஸோடு வைத்தால் அழகாக அமரும். எஸ்எக்ஸ் வரிசை மாதிரி பெரிய மாடலில் ஃபிங்கர்டு ஆன் பேஸ் என்ற முறை இருக்கும், அடியில் எந்த சுரத்தைப் பிடிக்கிறீர்களோ அதுவே பேஸாக வரும். அந்த வசதி இல்லாத கீபோர்டில் ஸ்டைலின் ரிதத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, கார்டை வேறொரு ட்ராக்கில் ஸ்ட்ரிங்ஸிலோ பேடிலோ கையால் வாசியுங்கள். இ463-இல் ஏ ட்ராக் போக மெலடிக்கு ஐந்து ட்ராக் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் ராகம் சார்ந்த பாட்டுக்கு இதுதான் எப்போதும் மேல். ஸ்டைலின் ஃப்ரேஸ் பாகம் நீங்கள் கேட்காத ஓட்டம் எதையாவது போட்டே தீரும்.

சிலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு. யமஹாவில் மூல சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் பிடித்தால், உதாரணமாக சி-யும் ஜி-யும், ஸ்டைல் அந்த இரண்டை வைத்து மட்டும் வாசிக்கும், காந்தாரத்தைத் தொடாது. சுத்தசாவேரி மாதிரி காந்தாரமே இல்லாத ராகத்துக்கு இது சொல்லிவைத்த மாதிரி. சி-யில் வைத்தால் சி, டி, எஃப், ஜி, ஏ. சட்ஜமத்துக்கு சி-ஜி, பஞ்சமத்துக்கு ஜி-டி, நடுவில் எஃப் மேஜரும் டி மைனரும் முழுசாகவே கிடைக்கும். இந்தோளத்தில் சட்ஜமத்துக்கு இந்த வித்தை பலிக்காது, பஞ்சமமே அங்கே அந்நியம்.

மிஸ்ர சாபுவுக்கு 4/4 ஸ்டைலை வளைக்கப் பார்க்காதீர்கள். ஸ்டைலை அணைத்துவிடுங்கள். மெட்ரோனோமில் மணி ஏழு அடிக்கு ஒருமுறை விழும்படி வைத்து, முதல் ட்ராக்கில் டிரம் கிட் வாய்ஸை எடுத்து 3, 2, 2 என்று கிக்கும் கைத்தட்டலும் மட்டும் விரலால் தட்டிப் பதிவு செய்யுங்கள். கார்டு அடுத்த ட்ராக்கில். பஜனைக்கு அதுக்கு மேல் ரிதம் எதற்கு, ஜால்ராதான் இருக்கிறதே.

கொழிஞ்சாம்பாறை_61

டீச்சர் சொன்ன சி-ஜி வித்தையை இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன். நல்லா இருக்குங்க. மேஜரா மைனரா என்று தெரியாத பாட்டுக்குக்கூட ஆகும் போல.

ஒற்றை விரல் முறையில் மைனர், செவன்த் பிடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் குழுவில் ஒருவர் காசியோ, நான் யமஹா. மைனருக்கு நான் மூல சுரத்தோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையைத் தட்டுவேன், அவர் வலப்பக்கம் ஏதோ ஒரு கட்டையைத் தட்டுவார். செவன்த்துக்கு நான் இடப்பக்கத்து வெள்ளை, அவர் வலப்பக்கம் இன்னும் ஒன்று கூட்டி மொத்தம் மூன்று. ஒருநாள் கீபோர்டை மாற்றி உட்கார்ந்தோம், அன்றைக்குக் கேட்டவர்கள் பாவம்.

செங்கோட்டை_டீச்சர்

அதனால்தான் மூன்று விரலில் பிடிக்கச் சொல்வது. எந்தக் கம்பெனியானாலும் ஏ மைனருக்கு ஏ, சி, இ தான்.

ரெண்டரைக்கட்டை

பழைய_ஆர்கன் அண்ணா, 11 முதல் 16 வரை மட்டும் இறக்கினேன், பரேடு கலைந்துவிட்டது. டீச்சர், பேஸ் சேனலில் நீங்கள் சொன்ன இடத்திலேயே அந்தக் குட்டி எஃப் இருந்தது. ஒவ்வொரு சரணத்திலும், அதே பாரில்.

யுஎஸ்பி வழியாக ஆடியோ எடுக்கும்போது ஒரு சங்கடம். வாசித்தால் ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை கேட்கிறது, சின்ன எதிரொலியோடு. அப்புறம், ஒரு பாட்டு அடிக்கு முன்னால் அரை அடி எடுப்பில் தொடங்குகிறது. சிங்க் ஸ்டார்ட்டில் வைத்தால் நான் கார்டைத் தொட்டதும் ஸ்டைல் முதல் அடியாக எடுத்துக்கொள்கிறது. மலையாளச் சரணத்தில் அந்த எடுப்பு இன்னும் ஒரு அட்சரம் நீளம், பாறசாலைக்காரர்கள் எங்கே சேர்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

பழைய_ஆர்கன்

எதிரொலி: ரீப்பர் அந்த ட்ராக்கில் வருகிற ஆடியோவை மறுபடி கீபோர்டுக்கே அனுப்புகிறது. ட்ராக்கின் ரெக்கார்ட் மானிட்டரிங்கை அணையுங்கள். கீபோர்டில் நேரடியாகக் கேட்டால் போதும்.

எடுப்பு: சிங்க் ஸ்டார்ட்டை விடுங்கள். ஸ்டார்ட்டை அழுத்தி வெறும் ரிதம் இரண்டு பார் ஓடட்டும், மூன்றாம் பாரின் தொடக்கத்துக்கு முதல் கார்டு. அந்த இரண்டு பாரைப் பாட்டுக்கு முன் வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாரின் கடைசி அடியில் ஒரு மணிச்சத்தம் தனி ட்ராக்கில் வைத்தால் தமிழ் எடுப்பு, மலையாள எடுப்பு இரண்டுக்கும் அதுதான் கணக்கு. ஒவ்வொரு சரணத்துக்கு முன்னும் அதே மணி. பழகுகிற ட்ராக்குதானே, அழகு பார்க்க வேண்டாம். கேரல் வண்டியில் ஓடவிடுகிறபோது மணி ட்ராக்கை மியூட் பண்ணிவிடலாம்.

நகரி_தாளம்

இந்தோளம் உட்கார்ந்துவிட்டது டீச்சர். பல்லவி முழுக்க எஃப் மைனரும் ஏ ஃப்ளாட்டும்தான், ஸ்ட்ரிங்ஸில் கையால் வாசித்தேன். எங்கள் மிருதங்கக்காரர் ஸ்டைல் ரிதத்தையும் நீக்கச் சொல்லிவிட்டார். ஏழு அடிப் பாட்டில் கைத்தட்டல் மூன்றாம் சரணத்துக்கு மேல் என் விரலில் பிந்துகிறது, அதை லேப்டாப்பில் நான்கு ஆவர்த்தனம் மட்டும் வெட்டி நகலெடுத்து ஒட்டப்போகிறேன்.

செங்கோட்டை_டீச்சர்

தாராளமாக ஒட்டுங்கள். டிரம்ஸுக்குக் குவான்டைஸும் போடலாம், அங்கே பழைய கார்டு என்று ஒன்று இல்லை. கார்டு ட்ராக்கை மட்டும் கையால் வாசித்தபடியே விடுங்கள்.

ரெண்டரைக்கட்டை

மணி வைத்தாயிற்று. அஞ்சரையில் ஒன்று, நாலரையில் ஒன்று என்று எம்பி3 ஆக்கிக் குழுவில் போட்டுவிட்டேன். அமரவிளையிலிருந்து உடனே குரல் குறிப்பு வந்தது: எல்லாம் நன்றாக இருக்கிறது, வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு, பிள்ளைகள் இழுக்கிறார்களாம். 96-ஐ 102 ஆக்கி இன்றைக்கு ராத்திரி இரண்டையும் மறுபடி கீபோர்டில் ஓடவிட்டு எடுத்துவிடுவேன். கரன்ட் நிற்காமல் இருந்தால்.

கொழிஞ்சாம்பாறை_61

102 போட்டு அனுப்புங்க. அடுத்த வாரம் குழித்துறைக்காரங்க 98 கேப்பாங்க, பாருங்க.